35-லிருந்து 15-க்கு: வஹீபா மணலில் மூன்று நாள்

டிசம்பர் 13, 2023, புதன் இரவு: ரூவி, மஸ்கட்

நாளை காலை வஹீபா மணல் என்ற ஒமான் பாலைவனத்துக்குப் புறப்படுகிறோம். ஒன்பது ஆண்டுகளாக மஸ்கட்டில் கணக்கு எழுதிக் காலம் தள்ளும் எனக்குப் பாலைவனம் என்பது இதுவரை விமானச் சன்னலில் தெரிந்த பழுப்பு நிறம் மட்டும்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் பழைய பஜெரோ ஒன்றை வாங்கிய அன்று, நான்கு சக்கர இயக்கத்துக்கான குட்டிக் கியர் கம்பியை வீட்டில் எல்லோரும் ஒரு முறை தொட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகு ஜபல் அக்தர் அடிவாரச் சோதனைச் சாவடியில், அந்த வசதி இல்லாத வண்டியை மலைக்கு விடுவதில்லை என்று காவலர் சொன்னபோது அதைக் காட்டியதோடு சரி.

மாலையில் வாதி கபீரில் ஒரு டயர் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயர்ப் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்து, "இது தார் ரோட்டு டயர், இதைப் போட்டுக்கொண்டா மணலுக்குப் போகிறீர்கள்?" என்று, நான் செருப்பில்லாமல் கருவேலங்காட்டுக்குப் போகிறேன் என்பதுபோல் வருத்தப்பட்டார். பெரிய பெரிய பட்டன் வைத்த புது டயர்கள் நான்குக்கு 240 ரியால் சொன்னார். எங்களோடு வரவிருக்கும் நாகர்கோவில் அண்ணன் போன மாதமே தன் லேண்ட் க்ரூசருக்கு அப்படிப்பட்ட டயர்களை மாட்டிவிட்டார். அவருக்கு அந்தக் கவலை இல்லை. நான் 9 ரியாலுக்கு பேட்டரியில் மாட்டி ஓட்டும் ஒரு சிறிய காற்று பம்பும், ஒன்றரை ரியாலுக்குக் காற்று அளக்கும் மானியும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

கஞ்சத்தனம் என்று மனைவி சொன்னாள். பாதி உண்மைதான். மீதிப் பாதிக்குக் காரணம் உடன்குடிப் பக்கத்துத் தேரி. அந்தச் செம்மணல் மேடுகளில் சைக்கிளை இறக்குவதற்கு முன் இரண்டு சக்கரத்திலும் கொஞ்சம் காற்றைப் பிடுங்கிவிடுவது எங்கள் வழக்கம். டயரில் என்ன பூ வெட்டியிருக்கிறது என்று அங்கே யாரும் பார்த்ததில்லை.

டிசம்பர் 14, வியாழன்: மஸ்கட்டிலிருந்து மணலுக்கு

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பித்பித் தாண்டியதும் ஒரு மலையாளி டீக்கடையில் இரண்டு வண்டியும் நின்றன. கரக் டீ 150 பைசா (இங்கே ஆயிரம் பைசா ஒரு ரியால்). பரோட்டாவுக்குள் பாலாடைக்கட்டியைத் தடவி, அதன்மேல் சிப்ஸ் ஒமான் பொட்டலத்தை நொறுக்கித் தூவிச் சுருட்டித் தருவது இந்த நாட்டுப் பிள்ளைகளின் தேசிய உணவு. என் மகள் இரண்டு சாப்பிட்டாள். பெட்ரோல் லிட்டர் 229 பைசாவுக்கு நிரப்பிக்கொண்டோம். மணலில் வண்டி இரண்டு மடங்கு குடிக்கும் என்று அண்ணன் எச்சரித்திருந்தார்.

மஸ்கட்டிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டரில் பிதிய்யா வட்டாரம் வருகிறது. இப்ரா வரை கறுத்த மொட்டை மலைகள். அதைக் கடந்து கொஞ்ச தூரம் போனதும், சாலையின் வலப்பக்கம் பேரீச்சந்தோப்புகளுக்குப் பின்னால், யாரோ செங்கல் பொடியைக் கொட்டிக் குவித்ததுபோல் மணல் எழுந்து நிற்கிறது. நடுவில் படிப்படியான மாற்றம் எதுவும் இல்லை. தோப்பின் கடைசி வேலி முடிகிற இடத்தில் மணல் தொடங்குகிறது. சுமார் 12,500 சதுர கிலோமீட்டர் பரப்பு. பனூ வஹீபா என்ற குடியின் பெயரால் வஹீபா மணல் என்று வழங்கிவந்ததை இப்போது அரசு ஏடுகளில் ஷர்கிய்யா மணல் என்று எழுதுகிறார்கள். வடபகுதியில் மணல்மேடுகள் வடக்கு தெற்காக நீண்ட தொடர்களாய் நூறு மீட்டர் உயரம் வரை கிடக்கின்றன, அவற்றுக்கு நடுவே தெருபோலத் தாழ்ந்த பாதைகள் ஓடுகின்றன. வண்டிகள் போவது அந்தத் தெருக்களில்தான்.

அல் வாசிலில் தார் முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, வால்வு மூடியைக் கழற்றிக் காற்றைப் பிடுங்கத் தொடங்கினேன். மானி 35 காட்டியது, சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கில். எவ்வளவு குறைப்பது என்பதற்கு எனக்கு ஒரு கணக்கு இருந்தது, தொழில் புத்தி. ஆளும் சாமானுமாக என் வண்டி 2,400 கிலோ, ஒரு சக்கரத்தின் பங்கு 600. 35 என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ அழுத்தம். அப்படியானால் 600 கிலோவைத் தாங்க ஒவ்வொரு டயரும் 240 சதுர சென்டிமீட்டர் அளவுக்குத் தரையைத் தொட்டால் போதும். 15 என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றே மேல். அதே எடைக்கு 570 சதுர சென்டிமீட்டர் வேண்டும். டயரின் சொந்த விறைப்பைச் சேர்க்காத தோராயக் கணக்கு இது. டயரின் அகலம் பெரிதாகக் கூடாது, கூடுவது நீளம். அரைச் சாண் அளவுக்குத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்த டயர், காற்றைக் குறைத்ததும் ஒரு சாணுக்கு மேல் படிந்து உட்காருகிறது. ஒட்டகத்தின் பாதம் மெத்தென்று விரிவதும் இதே கணக்குதான்.

மனைவி இறங்கி வந்து பார்த்து, "பஞ்சர் ஆன மாதிரி இருக்கிறதே" என்றாள். உண்மையில் அப்படித்தான் இருந்தது. பக்கவாட்டுச் சுவர் தொந்தி போல வெளியே பிதுங்கியிருந்தது. நான் 15-இல் நிறுத்தினேன். அண்ணன் 28-இல் நிறுத்தினார். ஒரு டயருக்கு 65 ரியால் கொடுத்தவருக்கு அதற்குமேல் இறக்க மனம் வரவில்லை.

மூன்று கிலோமீட்டர் கூடப் போயிருக்கமாட்டோம். முன்னால் போன அண்ணனின் வண்டி ஒரு சிறிய ஏற்றத்தில் மெதுவாகி, ஒரு முறை உறுமி, பின்புறம் தாழ்ந்து உட்கார்ந்தது. அவர் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த அந்த அழகான பட்டன்கள் ஒவ்வொன்றும் ஒரு மண்வெட்டியாக மாறி மணலை வாரிப் பின்னால் எறிந்தன. அரை நிமிடத்தில் வண்டியின் வயிறு தரையைத் தொட்டுவிட்டது. சேற்றில் கைகொடுக்கிற டயர் மணலில் தோண்டும் என்பதை அன்றைக்கு அவர் செலவில் நான் கற்றுக்கொண்டேன். நான் சிரிக்கவில்லை, மனைவி சிரித்தாள், மதினியும் சிரித்தார்.

கையால் மணலை வாரிக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ ஒரு பழைய டொயோட்டா பிக்கப் வந்து நின்றது. பின்தட்டில் இரண்டு ஆடுகள். வெள்ளைத் திஷ்தாஷா என்ற நீளங்கியும் தலையில் முறுக்கிக் கட்டிய துணியுமாக எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர் இறங்கினார். சலாம் சொல்லி, எங்கள் எல்லோருடைய நலத்தையும் நிதானமாக விசாரித்து முடித்த பிறகே புதைந்த வண்டியின் பக்கம் திரும்பினார். அவருடைய வண்டி டயர்களை நான் பார்த்தேன்: என்னுடையதைவிட மொட்டை. அவர் அண்ணனின் டயரை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, "ஹவா, வாஜித்" என்றார், காற்று அதிகம். பிறகு தன் வண்டிச் சாவியின் நுனியால் வால்வை அழுத்திக்கொண்டு குந்தி உட்கார்ந்துவிட்டார். மானி எதுவும் இல்லை. டயரின் பக்கச் சுவர் மணலைத் தொடும் இடத்தில் விழுகிற மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார், போதும் என்று தோன்றியபோது சாவியை எடுத்தார். நான்கும் முடிந்தபின் என் மானியை வைத்துப் பார்த்தேன்: 14, 15, 14, 14.

சக்கரங்களுக்குப் பின்னால் இருந்த மணலை மட்டும் ஒதுக்கச் சொல்லி, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுக்கச் சொன்னார். "ஷ்வை, ஷ்வை", மெதுவாக, மெதுவாக. வண்டி அழைத்த மாடுபோல் எழுந்து பின்னால் வந்தது. அண்ணன் பத்து ரியால் நோட்டை நீட்டியதும் பெரியவர் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார். தன் வீடு அந்தக் காஃப் மரங்களுக்கு அந்தப் பக்கம் இருப்பதாகவும், நாளை காப்பிக்கு வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஆடுகள் எங்களையே பார்த்துக்கொண்டு போயின.

கூடாரங்கள் உள்ள விடுதிக்குப் போய்ச் சேரப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து ஒரு கூடாரத்துக்கு 40 ரியால். மதியம் கட்டுச்சோறு: புளியோதரை, வடகம், மணல் மூன்றும் கலந்து. பிற்பகல் முழுவதும் யாரும் வண்டியைத் தொடவில்லை. இரவு கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியான மிஷ்காக்கும், வங்கதேசத்துச் சமையற்காரர் தாளித்த பருப்பும். பருப்பை மதினி மூன்று முறை வாங்கினார்.

பிறை எட்டு மணிக்கெல்லாம் இறங்கிவிட்டது. டிசம்பர் நடுவில் ஆண்டுதோறும் வரும் ஜெமினிட் விண்கல் மழைக்கு இன்றுதான் உச்ச இரவு என்பது, மணலில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒரு ஜெர்மன் தம்பதி சொல்லித்தான் தெரியும். மகள் நாற்பத்து மூன்று வரை எண்ணிவிட்டுத் தூங்கிப்போனாள். இரவில் 14 டிகிரி. மஸ்கட்டில் இந்த ஆண்டு முழுக்கப் பெட்டியில் கிடந்த ஸ்வெட்டர்கள் பயன்பட்டன.

டிசம்பர் 15, வெள்ளி: மேடும் பள்ளமும்

காலையில் கூடாரத் துணி நனைந்து தொங்கியது. அரபிக் கடல் அருகில் இருப்பதால் இங்கே பனி நன்றாகவே இறங்குகிறது. மழையை நம்பமுடியாத இந்த மணலில் காஃப் மரங்கள் பச்சையாக நிற்பதற்கு அந்தப் பனியும் ஒரு காரணம் என்கிறார்கள். கிட்டப் போய் இலையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இது நம் வன்னி மரம். சிவன் கோவில் பிராகாரத்தில் தலவிருட்சமாக வேலி போட்டு, மஞ்சள் கயிறு கட்டி வைத்திருக்கும் அதே மரம் இங்கே ஒட்டகம் எட்டுகிற உயரம் வரை இலையில்லாமல் மேயப்பட்டு, குடை மாதிரி நின்றுகொண்டிருந்தது. மனைவி கீழே கிடந்த ஒரு கொத்தை எடுத்து வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்கு மணல் வேறு மாதிரி இருந்தது. பனியின் ஈரத்தில் மேல்தோல் இறுகி, நேற்றுப் பிற்பகல் கணுக்கால் வரை புதைந்த இடத்தில் இன்று செருப்புத் தடம் மட்டும் விழுந்தது. விடுதியில் வண்டி ஓட்டும் ஓர் ஒமானி இளைஞர் எங்களை ஒரு நடுத்தரமான மேட்டுக்கு அழைத்துப்போய் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். குட்டிக் கியரை நான்கு சக்கரத்துக்கும் பூட்டும் இடத்தில் வைக்கவேண்டும். வழுக்கலை உணர்ந்தால் தானாக எஞ்சின் விசையைக் குறைக்கும் மின்னணு ஏற்பாட்டை அணைத்துவிடவேண்டும், ஏனென்றால் மணலில் சக்கரம் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும், அந்த நேரத்தில் விசை குறைந்தால் வண்டி அங்கேயே உட்காரும். மேட்டில் ஏறினாலும் இறங்கினாலும் நேராக. அவர் சொன்ன சொல் "சீதா". இந்திச் சொல் வளைகுடா அரபியில் இப்படி ஊர்ப்பிள்ளையாகிவிட்டது. பாதி மேட்டில் வண்டி திணறினால் திருப்ப நினைக்கக்கூடாது. பின் கியரைப் போட்டு ஏறிய தடத்திலேயே நேராக இறங்கவேண்டும். குறுக்கே திருப்பினால் உருண்டுவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கடினமாக இருந்தது பிரேக்கைத் தொடாமல் இருப்பது. மணலில் பிரேக் அடித்தால் ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் ஒரு குட்டி மணல்மேடு குவிகிறது. மறுபடி கிளம்பும்போது நாமே கட்டிய அந்த நான்கு மேடுகளின்மேல் ஏறவேண்டியிருக்கிறது. காலை எடுத்துவிட்டால் போதும், மணலே நிறுத்திவிடும். அதுவும் இறக்கத்தைப் பார்த்த மாதிரி நிற்கவேண்டும். பதினெட்டு ஆண்டு சாலைப் பழக்கத்தில் என் வலதுகால் அதன் பாட்டுக்குப் பிரேக்குக்குப் போனது. முதல் இரண்டு முறை புதைந்தேன். மூன்றாம் முறை உச்சிக்குப் போய்விட்டேன். சாலை டயர் ஏறிவிட்டது என்று நான் அண்ணனைப் பார்த்தேன். "தம்பி, காற்று இறக்கியபின் எல்லா டயரும் ஒன்றுதான்" என்று, நேற்று 28-இல் நிறுத்தியதையெல்லாம் மறந்து சொன்னார்.

காற்றை இறக்கி மணலில் ஓட்டும் இந்த வித்தையை 1920-களின் இறுதியில் எகிப்திலும் லிபியாவிலும் சோதித்துப் பார்த்துப் பழகியவர்களில் பாக்னால்ட் என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் முக்கியமானவர். போர்டு கார்களோடு பெரும் மணற்கடலுக்குள் போனவர் அவர். புதைந்த சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு போட்டு எடுப்பதும் அவர் பழக்கியதுதான். இன்று எல்லோரும் பிளாஸ்டிக்கில் பலகை வாங்கி வண்டிக் கூரையில் கட்டிக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் மாட்டுவண்டிக்குப் பனமட்டை போட்டார்கள். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

பத்து மணிக்குப் பெரியவர் வீட்டுக்குப் போனோம். பேரீச்சை ஓலையால் வேய்ந்த பந்தல், அதை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, நான்கு ஒட்டகம், எண்ணமுடியாத ஆடுகள். பெண்கள் பக்கத்துக்கு மனைவியும் மதினியும் மகளும் போய்விட்டார்கள். அங்கே படம் எடுக்கக்கூடாது என்று விடுதியில் முன்பே சொல்லியிருந்தார்கள். முகமூடி அணிந்த பாட்டி ஒருவர் கம்பளி நூலில் பின்னிய சாவிக்கொத்தை மகளுக்கு இரண்டு ரியாலுக்கு விற்று, பிறகு இன்னொன்றைச் சும்மா கொடுத்தார்.

எங்களுக்கு முதலில் பேரீச்சம்பழம், பிறகு ஏலக்காய் மணக்கும் காப்பி. கைப்பிடி இல்லாத சிறு கிண்ணத்தில் கால்பங்குதான் ஊற்றுவார்கள். வலக்கையால் வாங்கவேண்டும்; போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டித் திருப்பித் தரவேண்டும். அது தெரியாமல் அண்ணன் ஏழு கிண்ணம் குடித்தார்.

நான் ஊரிலிருந்து வந்த உடன்குடிக் கருப்பட்டி ஒரு வட்டு கொண்டுபோயிருந்தேன். இது என்ன என்று கேட்டார். பனை என்பதற்கு அரபியில் சொல் தெரியாமல், பந்தல் ஓலையைக் காட்டி, என்னைக் காட்டி, "தம்ர்... ஹிந்தி" என்றேன், இந்தியப் பேரீச்சை என்று சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு. பெரியவர் கொஞ்சம் தயங்கினார். ஒரு சிறு துண்டை உடைத்து, கண்ணைப் பாதி மூடி, முகத்தைச் சுளிக்கத் தயாராக வைத்துக்கொண்டு வாயில் போட்டார். இரண்டு நொடி கழித்துக் கண் திறந்தது. அடுத்த துண்டைத் தானே உடைத்துக்கொண்டார், அவர் பேரன் சிரித்துச் சிரித்துத் தரையில் சாய்ந்துவிட்டான். தம்ர் ஹிந்தி என்றால் அரபியில் புளி.

பெரியவர் என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தபோது, டயரின் நடுப்பகுதியை அலட்சியமாகத் தாண்டிப்போய்ப் பக்கச் சுவரை மட்டும் தடவிப் பார்த்தார். இந்த இடம் மெலிசு என்று பேரன் மொழிபெயர்த்தான். மணல் இதை ஒன்றும் செய்யாது. கட்டை, கல், முள், அப்புறம் சடாரென்று திருப்புவது, இவைதான் ஆகாது. தலையாட்டிவிட்டு விடைபெற்றேன்.

ஒரு மணி வெயிலில் மணல் மறுபடி இளகியிருந்தது. நிழல் அனைத்தும் மறைந்துபோய், மேடு எது பள்ளம் எது என்று கண்ணுக்குத் தெரியாமல் எல்லாம் ஒரே காவி நிறத் தாளாக விரிந்து கிடந்தது. காலையில் 15 இருந்த டயர் வெயிலிலும் ஓட்டத்திலும் சூடேறி 18 காட்டியது; நான் இறங்கி மறுபடி இறக்கியிருக்கவேண்டும். பசி. விடுதி அரை மணிதானே என்று ஓட்டினேன். ஒரு வன்னி மரத்தைக் கடக்கும்போது அதன் பின்னாலிருந்து ஒட்டகக் கன்று ஒன்று அசைந்து வெளியே வந்தது. மகள் கத்தினாள். பெரியவர் தடவிக் காட்டி இரண்டு மணி நேரம் ஆகவில்லை, நான் ஸ்டியரிங்கைச் சடாரென்று வலப்பக்கம் ஒடித்தேன்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. யாரோ செருப்பை உதறியதுபோல் ஒரு "தப்". இடது முன்பக்கம் தாழ்ந்தது. இறங்கிப் பார்த்தால் டயர் கிழியவில்லை, ஓட்டையும் இல்லை. ரிம்மிலிருந்து விளிம்பு கழன்று, உள்ளே ஒரு கைப்பிடி மணலை அள்ளிக்கொண்டு கிடந்தது. காற்று குறைந்த டயரை ரிம்மோடு பிடித்துவைப்பது உள்ளே மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்சக் காற்றுதான். வளைவின் வெளிப்பக்கச் சக்கரத்தில் வண்டியின் பாரம் முழுவதும் சாய்ந்து ஒரே இழுப்பாக இழுத்தால் அது விட்டுவிடுகிறது. கன்று எங்களைப் பொருட்படுத்தாமல் இலை தின்னப் போய்விட்டது.

ஜாக்கியை வைத்தேன், வண்டி ஏறவில்லை, ஜாக்கி இறங்கியது. எதையாவது அடியில் வைக்கவேண்டும். அண்ணன் வண்டியில் ஒன்றும் இல்லை, என் வண்டியில் மனைவி வெள்ளரிக்காய் நறுக்கக் கொண்டுவந்த கனமான மரப்பலகை இருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். அவள், "ஊரிலிருந்து சுமந்துகொண்டு வந்தது" என்று மட்டும் சொன்னாள். பலகையைப் போட்டதும் வண்டி ஏறியது. கடைசி இரண்டு திருகில் பலகை நடுவில் நெடுக விரிசல் விட்டது. சத்தம் டயர் கழன்றபோது கேட்டதைவிடப் பெரிது.

பின்கதவிலிருந்து ஸ்டெப்னியை இறக்கி மாட்டியபின் மானியை வைத்தேன். 19. மூன்று ஆண்டுகளாக அதற்கு நான் காற்றே அடித்ததில்லை. சாலையில் இது தண்டனைக்குரிய சோம்பல்; மணலில் அளவாக அமைந்துவிட்டது.

டிசம்பர் 16, சனி: திரும்பும் வழி

அதிகாலையில், மணல் இறுகியிருக்கும்போதே வெளியேறிவிட்டோம். அல் வாசிலில் தார் தொடங்கும் இடத்தில் என் பம்பை பேட்டரியில் மாட்டினேன். 9 ரியால் பம்ப் முதல் டயரை 15-லிருந்து 24 வரை ஏற்ற ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டு, கை வைக்கமுடியாதபடி சூடாகி, நின்றுவிட்டது. இந்தக் காற்றோடு தார்ச் சாலையில் வேகமாகப் போனால் டயர் ஓயாமல் மடிந்து நிமிர்ந்து சூடேறிக் கிழிந்துவிடும் என்பதால், அவசர விளக்கைப் போட்டுக்கொண்டு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தபடி அருகிலிருந்த டயர் கடைக்குப் போனோம். பின்னால் வந்த வண்டிகள் ஒன்றுகூட ஹாரன் அடிக்கவில்லை. மணலிலிருந்து வருகிறவர்களை இந்த ஊர் பார்த்தே அறியும் போலிருக்கிறது.

கடையில் சிட்டகாங்கைச் சேர்ந்த ஒரு பையன். நான்கு டயருக்கும் காற்றடிக்க ஒரு ரியால். கழன்ற டயரை ரிம்மில் உட்கார வைக்க இன்னொரு ரியால். மணலைத் தட்டிக் கொட்டி, விளிம்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவி, பெரிய கம்ப்ரஸரைத் திறந்தான். டயர் மெல்ல உப்பி, திடீரென்று "டப், டப்" என்று இரண்டு வெடி. மதினி காதைப் பொத்திக்கொண்டார். உட்கார்ந்துவிட்டது என்று பையன் கட்டைவிரலைக் காட்டிவிட்டு, ஸ்டெப்னியைக் கழற்றி அதையே பழைய இடத்தில் மாட்டினான். அண்ணனிடம் அவருடைய டயர் விலையைக் கேட்டுவிட்டு நீண்ட நேரம் எதுவும் பேசவில்லை.

மஸ்கட்டுக்குத் திரும்புமுன் வாதி பனீ காலித். ஆண்டு முழுவதும் வற்றாத பச்சைத் தண்ணீர், பேரீச்சை நிழல், சனிக்கிழமைக் கூட்டம். முழங்கால் அளவுத் தண்ணீரில் கால் நீட்டி உட்கார்ந்து மிச்சமிருந்த தயிர்ச்சோற்றை முடித்தோம். மீன்குஞ்சுகள் காலைக் கடித்தன. அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

டிசம்பர் 17, ஞாயிறு: மீண்டும் ரூவி

காலையில் அலுவலகம் கிளம்பும்போது மானியை வைத்துப் பார்த்தேன். மூன்று நாளில் இது ஒரு பழக்கமாகிவிட்டது. மூன்று சக்கரம் 35, இடது முன்பக்கம் 28. மாலையில் வாதி கபீருக்கே போனேன். முந்தைய கடைதான், வேறு கடைக்குப் போவது கோழைத்தனம் என்று தோன்றியது.

கடைக்காரர் சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். டயரின் முகத்திலிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை. ரிம்மின் ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் வரிசையாக, ஊசி முனை அளவில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. டயரைக் கழற்றி, விளிம்பு உட்காரும் பள்ளத்தைத் துணியால் துடைத்து, துணியை என் முன்னால் நீட்டினார். நாலைந்து மணல் பருக்கைகள், சிவப்பாக. அவற்றைக் கவனமாகத் தட்டிவிட்டு, டயரை மறுபடி மாட்டி, காற்றை 35-க்கு ஏற்றினார்.

"புது டயர் இருநூற்று இருபதுக்குத் தருகிறேன்" என்றார். ஒன்றரை ரியாலைக் கொடுத்துவிட்டு, பக்கத்துத் தெருவில் மரச்சாமான் கடை எங்கே இருக்கிறது என்று அவரிடமே விசாரித்தேன்.